நீச்சற்குளத்தை மீட்டோம்



மைசூர் நகரின் தென்மேற்குப் புறத்தில் 84 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பில் நாங்கள் வாழ்ந்து வருகிறோம். தமிழர், கன்னடர், தெலுங்கர், மலையாளிகள் என நான்கு மொழியினரும் கலந்துறையும் இடம் அது. அதன் நடுவே ஒரு நீச்சற்குளம் உண்டு. நிலத்தைத் தோண்டிக் கம்பி கட்டிக் கான்கிரீட்டால் அமைத்தது. நீளம் 16 மீட்டர், அகலம் 8 மீட்டர். ஒரு முனையில் ஆழம் முக்கால் மீட்டர். அங்கிருந்து சரிந்து சென்று மறுமுனையில் ஒன்றே முக்கால் மீட்டர். குடியிருப்பு எழுந்த காலத்தில் சில ஆண்டுகள் குழந்தைகள் அதில் துளைந்து விளையாடினார்கள். பிறகு நீரேற்றும் விசைப்பம்பு எரிந்துபோயிற்று. பழுது பார்க்கும் செலவை யார் ஏற்பது என்று முடிவாகாமல் ஓராண்டு கழிந்தது; ஓராண்டு ஒன்பது ஆண்டுகளாயிற்று. குளம் பாழ்பட்டது.

2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்து மழை நாளொன்றில், பந்தைத் தேடிப்போன ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் அதன் சரிவில் வழுக்கி, ஆழமான முனையில் தேங்கிக் கிடந்த பச்சை நீரில் விழுந்தான். முழங்கால் அளவு நீர்தான். ஆயினும் பாசி படிந்த தரையில் அவனால் எழுந்து நிற்க முடியவில்லை. காவற்காரர் ஓடிவந்து இறங்கித் தூக்கியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் எண்ணிப்பார்க்க மனம் அஞ்சுகிறது.

அடுத்த மாதமே மற்றொரு துயரச் செய்தி வந்தது. மங்களூரை அடுத்த உள்ளாலில், ஒரு கடற்கரை விடுதியின் நீச்சற்குளத்தில், மைசூரைச் சேர்ந்த மூன்று இளம்பெண்கள் மூழ்கி மாண்டனர். மூவரும் கல்லூரி மாணவியர். உலகெங்கும் 2021-ஆம் ஆண்டில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி உயிரிழந்தனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிடுகிறது. ஐந்து முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் மரணத்திற்கான காரணங்களில் அது மூன்றாவது இடம் பெறுகிறது. காவிரியும் கால்வாய்களும் ஏரிகளும் சூழ்ந்த மைசூரில் வளரும் பிள்ளைக்கு நீந்தத் தெரிந்திருப்பது ஆடம்பரமன்று, உயிர்க்காப்பு.

இந்த இரு நிகழ்ச்சிகளுக்குப் பின் குடியிருப்போர் கூட்டம் கூடியது. குளத்தை மண்ணிட்டு நிரப்பிக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிடுவோம் என்றனர் ஒரு சாரார். மீட்டுப் புதுக்குவோம் என்றனர் மறு சாரார். மண்ணிட்டு நிரப்புவதும் இனாமாக முடிகிற காரியமன்று. 160 கனமீட்டர் மண் வேண்டும். அடித்தளத்தை உடைத்து ஓட்டையிடாமல் நிரப்பினால், மழைநீர் உள்ளே தங்கி, மேலே சேறும் கீழே சதுப்புமாகிவிடும். மூன்றாவது வழியாகிய 'அப்படியே கிடக்கட்டும்' என்பது ஒன்பது ஆண்டுகளாகப் பார்த்த வழி. தேங்கிய நீரில் கொசு முட்டையிட்டுப் பறந்து செல்ல எட்டுப் பத்து நாள் போதும். ஆகவே அவ்வழியை ஒருவரும் ஆதரிக்கவில்லை.

அப்போது முதிய அம்மையார் ஒருவர் எழுந்து கேட்ட கேள்வி எல்லாரையும் அமரச் செய்தது. "தண்ணீருக்கு இத்தனை தவிப்பு இருக்கும்போது, நீந்துவதற்கு ஒரு குளமா?" என்றார் அவர். நியாயமான கேள்வி. 2024 மார்ச்சில் பெங்களூரில் நீர்ப்பஞ்சம் முற்றிய வேளையில், நீச்சற்குளங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்தலாகாது என்றும், மீறுவோருக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்றும் அந்நகரக் குடிநீர் வாரியம் ஆணையிட்டது. காவிரியின் மேற்கரையில் பிழைப்பைத் தேடிக்கொண்டு, கீழ்க்கரையில் உற்றார் உறவினரை வைத்திருக்கும் நம்மைப் போன்றோர்க்கு ஒரு குடம் நீரின் மதிப்பை வேறெவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எனவே கூட்டம் இரண்டு நிபந்தனைகளோடு மீட்பதற்கு இசைந்தது. நகராட்சிக் குடிநீரில் ஒரு துளியும் குளத்திற்குப் போகலாகாது. குளம் கசியவில்லை என்று மெய்ப்பிக்கும் வரை திறத்தலாகாது.

இனிச் செலவுக்கு வருவோம். ஒப்பந்தக்காரர் ஒருவர் மதிப்பீடு கொடுத்தார்: பத்தொன்பது லட்சம் ரூபாய். மொழிபெயர்ப்பு அலுவலில் இருப்பவர் என்ற காரணத்தால், அந்த ஆங்கில மதிப்பீட்டை அனைவருக்கும் விளங்கும்படி எடுத்துரைக்கும் பொறுப்பு நம்மிடம் வந்து சேர்ந்தது. வரிவரியாகப் பெயர்த்துப் பார்த்தபோது ஓர் உண்மை புலனாயிற்று. பத்து இனங்களில் ஏழு, கண்ணுக்குத் தெரிபவை: புதிய நீல ஓடுகள், சுற்றுத் தளத்திற்குப் பளிங்கு, நீருக்கடியில் விளக்குகள், புதிய வடிகட்டி, புதிய பம்பு என இப்படி. நீர் எங்கே கசிகிறது, கம்பி எங்கே துருப்பிடித்திருக்கிறது என்பதைப் பற்றி 'தேவையான பழுதுகள்' என்ற இரண்டே சொற்கள். விலையுயர்ந்த ஓட்டைப் பதித்துவிட்டு, அதன் பின்னால் சுவர் கசிந்தால் ஓட்டையும் இழப்போம், நீரையும் இழப்போம். வீட்டுக்கு ஆறாயிரம் ரூபாய் வீதம் எங்களால் திரட்ட முடிந்தது ஐந்து லட்சத்து நாலாயிரம். அதனால் ஒரு விதி வகுத்துக்கொண்டோம்: கண்ணுக்குத் தெரியாதவற்றிற்கே முதற்செலவு, மிச்சமிருந்தால் அழகுக்கு.

இவ்விதி எங்கள் கண்டுபிடிப்பன்று. சிந்து வெளியிலே மொகஞ்சதாரோவில் 1920களில் அகழ்ந்தெடுத்த பெருங்குளத்தைப் பற்றிப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் ஆழமும் உடையது. செங்கற்களைச் செங்குத்தாக நெருக்கி அடுக்கி, ஜிப்சச் சாந்தால் பிணைத்து, சுவரின் பின்னே நிலக்கீல் பூசி நீர் கசியாமற் செய்திருந்தார்கள். இலங்கையில் அனுராதபுரத்து அபயகிரி விகாரையைச் சேர்ந்த இரட்டைக் குளங்களில், வரும் நீர் முதலில் சிறு தொட்டிகளில் தங்கி வண்டலைப் படியவிட்ட பின்னரே குளத்தினுள் பாயும். நம் மைசூருக்கு அருகே 1911-இல் தொடங்கிக் கட்டிய கிருஷ்ணராஜ சாகர அணையோ, சிமெண்டின் துணையின்றிச் சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்த சுர்க்கிச் சாந்தினால் எழுந்து இன்றும் நீரைத் தாங்கி நிற்கிறது. நீரைக் காத்த முன்னோர் உழைப்பையும் பொருளையும் கொட்டியதெல்லாம் பூச்சுக்குப் பின்னேதான்.

வேலையைத் தொடங்கு முன் குடியிருப்பில் வாழும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் எங்களைத் தடுத்து நிறுத்தினார். "மழைக்காலத்தில் குளத்தை வெறுமையாக்காதீர்கள், அது மிதந்துவிடும்," என்றார். கான்கிரீட் மிதக்குமோ என்று சிலர் நகைத்தார்கள். அவர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். 20 சென்டிமீட்டர் தடிமனுள்ள கான்கிரீட் தரை, ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 480 கிலோ எடை கொண்டது. தரையின் அடிப்பாகத்திற்கு மேல் நிலத்தடி நீர் அரை மீட்டர் உயர்ந்துவிட்டால், அந்நீர் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 500 கிலோ விசையுடன் மேல்நோக்கி உந்தும். குளத்தினுள்ளே நீர் இருந்தால் அதன் எடை இந்த உந்துதலை அடக்கும். இல்லையேல் தரை புடைத்து வெடிக்கும். சில சமயம் குளம் முழுவதுமே ஒரு படகு போல மேலெழும். மைசூரில் மே மாதத்து இடிமழையும் அக்டோபர் மழையும் வலுவானவை. சனவரி முதல் மார்ச்சு வரை வறண்ட காலம். ஆகவே சனவரி இறுதி வரை காத்திருந்தோம். குளத்தின் ஆழ்ந்த முனைக்கு அருகே இரண்டரை மீட்டர் ஆழத்திற்கு ஒரு சிறு துளை தோண்டி, அடியில் நீர் ஊறவில்லை என்று கண்ட பின்னரே தேங்கிய நீரை இறைத்து மரங்களுக்குப் பாய்ச்சினோம். காத்திருப்பதற்குக் காசு செலவாவதில்லை. காத்திராவிட்டால் குளமே போயிருக்கும்.

நோயை அறிந்துகொள்ளும் வழியையும் அதே குளம் இலவசமாகக் காட்டித் தந்தது. மழை பெய்யுந்தோறும் ஆழ்ந்த முனையில் நீர் உயரும். இரண்டொரு நாளில் விரைந்து இறங்கி, முழங்கால் உயரத்தில் நிலைத்துவிடும். அதன்பின் வெயிலில் வற்றுவது தவிரக் குறைவதில்லை. ஒன்பது ஆண்டுகளாக அந்த மட்டத்தில் சுவரைச் சுற்றி ஒரு கறுத்த கோடு படிந்திருந்தது. நஞ்சன்கூட்டிலிருந்து வந்த மேஸ்திரி அக்கோட்டை விரலால் தடவிப் பார்த்து, "தண்ணீர் பொய் சொல்லாது, சார்!" என்றார். கோட்டுக்குக் கீழே ஓட்டை இல்லை; கோட்டின் மட்டத்தில்தான் இருக்கிறது. சுவர் எழுப்பியபோது முதல்நாள் வார்த்த கான்கிரீட்டும் மறுநாள் வார்த்த கான்கிரீட்டும் சந்தித்த இணைப்பு அது. அங்கே கலவை சரியாக இறங்காமல் தேனடை போலப் பொத்தலாக நின்றுவிட்டது.

பிறகு ஒரு சிறு சுத்தியலை எடுத்துக்கொண்டு சுவரையும் தரையையும் அங்குலம் அங்குலமாகத் தட்டினோம். 'கிண்' என்று ஒலித்த இடம் உறுதி. 'பொத்' என்று ஒலித்த இடம் பூச்சு விட்டுப்போன இடம். அதைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளும் சேர்ந்து தட்டினார்கள். தரை முழுவதும் கெட்டுவிட்டது என்று நினைத்திருந்தோம். வட்டமிட்டு அளந்தபோது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருந்தது. வெடிப்புகள் மூன்று தென்பட்டன. அவை இன்னும் வளர்கின்றனவா, பழையனவாக அடங்கிவிட்டனவா என்றறியக் கண்ணாடித் துண்டுகளைக் குறுக்கே சாந்திட்டு ஒட்டி மூன்று வாரம் விட்டோம். வெடிப்பு அசைந்தால் கண்ணாடி உடைந்திருக்கும். ஒன்றும் உடையவில்லை. உடைந்திருந்தாலோ, தரை புடைத்திருந்தாலோ, சுவர் சாய்ந்திருந்தாலோ, ஒட்டுப் போடும் வேலை அங்கே உதவாது. கட்டட அமைப்புப் பொறியாளரை அழைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆழ்ந்த முனையில் இரண்டு இடங்களில் பழுப்பு நிறம் கசிந்திருந்தது. உள்ளே கம்பி துருப்பிடித்ததன் அடையாளம் அது. புதிய கான்கிரீட்டின் காரத்தன்மை இரும்பைத் துருவிலிருந்து காக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்லக் காற்றிலுள்ள கரியமிலவாயு ஊடுருவி அக்காரத்தைக் குறைக்கிறது. ஈரமும் சேர்ந்தால் துரு பற்றிக்கொள்ளும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கத்தில் கான்கிரீட் பிளந்து உதிரும். ஆகவே மேலே பூசி மறைத்தால் சில மாதங்களில் மீண்டும் உதிர்ந்துவிடும். கம்பியின் பின்புறம் விரல் நுழையுமளவு உளியால் கொத்தி, கம்பித் தூரிகையால் துருவை முற்றும் தேய்த்தெடுத்து, துருத்தடுப்புப் பூச்சிட்டு, பாலிமர் கலந்த சாந்தால் அடைத்தோம். அமிலம் ஊற்றிக் கழுவலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். திறந்து கிடக்கும் கம்பிக்கு அமிலம் நஞ்சு என்பதால் மறுத்துவிட்டோம். வெடிப்புகளையும் சுவரின் இணைப்பையும் ஆப்பு வடிவில் கொத்தி, சுருங்காத சாந்திட்டு நிரப்பினோம். அதன்மேல் குளம் முழுவதற்கும் நீர்காப்புக் கலவையை, ஒரு முறை நெடுக்காகவும் மறு முறை குறுக்காகவுமாக இருமுறை பூசினோம். இவ்வளவுக்கும் ஒரு லட்சத்து எழுபதாயிரம் ரூபாய். எங்கள் செலவில் மிகப் பெரிய இனம் இதுவே; குளத்தைப் பார்க்க வருவோர் கண்ணில் படாத இனமும் இதுவே.

பூச்சு வேலையில் நாங்கள் கற்ற பாடம் பொறுமை. சிமெண்டு காய்ந்து இறுகுவதன்று. நீரோடு கூடி வினைபுரிந்து இறுகுவது. நீர் முன்னதாக ஆவியானால் பூச்சு வலுவிழந்து மயிரிழை வெடிப்பு காணும். மார்ச்சு வெயிலில் சாக்குகளை நனைத்துப் போர்த்திப் பதினான்கு நாள் காத்தோம். காலை ஆறு மணிக்கு இந்த வீடு, நண்பகலில் அந்த வீடு, மாலையில் மற்றொரு வீடு என முறை வைத்துக்கொண்டு நனைத்தோம். அதற்குக் கூலி இல்லை. பழைய ஓடுகளில் உறுதியானவற்றை அப்படியே விட்டு, விழுந்த இடங்களில் மட்டும் புதியன பதித்தோம். நிறம் ஒத்துவரவில்லை. கடலில் தீவுகள் போலத் திட்டுத்திட்டாகத் தெரியும். அதைப் பற்றி இன்றும் ஒரு சிலர்க்கு மனக்குறை உண்டு.

பம்பைத் தூக்கியெறியவில்லை. மோட்டாருக்குப் புதிதாகக் காயில் கட்டினோம், தாங்கிகளை மாற்றினோம். வடிகட்டித் தொட்டி நன்றாகவே இருந்தது. உள்ளிருந்த மணல்தான் கெட்டிப்பட்டு, நீர் அதன் ஊடே செல்லாமல் இடுக்கு வழியே ஓடிக்கொண்டிருந்தது. மணலை மட்டும் மாற்றினோம். குளத்து நீர் முழுவதும் எட்டு மணி நேரத்தில் ஒருமுறை வடிகட்டி வழியே சுற்றிவர வேண்டுமானால், மணிக்கு இருபதாயிரம் லிட்டர் ஓட வேண்டும். பழைய பம்பே அதற்குப் போதுமானதாயிருந்தது. நீருக்கடியில் இருந்த விளக்குகளை நீக்கி, அந்த மின்கம்பிகளை முற்றும் துண்டித்தோம். பம்பு அறையில் மின்சாரம் கசிந்தால் அக்கணமே துண்டிக்கும் கருவியைப் பொருத்தினோம். இரவில் நீந்தாவிட்டால் குறையொன்றும் இல்லை.

ஏப்ரல் இறுதியில் நீர் நிரப்பத் தொடங்கினோம். குடியிருப்பின் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இரவு நேரங்களில் சிறுகச் சிறுக எடுத்தோம். பக்கத்துக் கட்டடக் கூரையின் மழைநீரையும் வடிகட்டி குளத்திற்குத் திருப்பினோம். 200 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் பத்தாயிரம் லிட்டர் விழும். சேதாரம் போக எட்டாயிரமேனும் சேரும். மே மாத மழை எங்களுக்குத் துணை நின்றது.

நிரம்பிய பின் நிகழ்ந்ததுதான் எங்களைச் சோதித்தது. கசிவை அறியும் முறை எளியது. ஒரு வாளியில் நீர் நிரப்பி, குளத்தின் படிக்கட்டில், வாளியின் கழுத்து வெளியே தெரியும்படி வைக்க வேண்டும். வாளியின் உள்மட்டத்தையும் வெளிமட்டத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். பம்பை நிறுத்திவிட்டு ஒரு நாள் கழித்துப் பார்த்தால், வெயிலுக்கு வற்றியது இரண்டிலும் ஒரே அளவாக இருக்கும். குளத்தில் அதிகமாகக் குறைந்திருந்தால் அது கசிவு. எங்கள் வாளியில் 6 மில்லிமீட்டர் குறைந்தது, குளத்தில் 16. பத்து மில்லிமீட்டர் என்றால் விரல் நகத்தின் அகலம். ஆனால் 128 சதுர மீட்டர் பரப்பில் அது நாளொன்றுக்கு 1,280 லிட்டர். நகரத்தில் ஒருவருக்கு நாளைக்கு 135 லிட்டர் என்று அரசு வகுத்த அளவின்படி, ஒன்பது பேர் வாழும் நீர்!

அறுபது குழந்தைகள் நீச்சலுடையோடு காத்திருந்தார்கள். "இவ்வளவுதானே, திறந்துவிடலாம்," என்று சொன்னவர்கள் உண்டு. நாங்களும் ஒரு கணம் தயங்கினோம் என்பதை ஒளிப்பதற்கில்லை. கேள்வி கேட்ட அந்த முதிய அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை. வாளியை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். திறப்பு விழாவைத் தள்ளிவைத்தோம். நீர்மட்டம் நாளுக்கு நாள் இறங்கி, சுத்தநீர் உள்ளே வரும் குழாய்களின் வாயருகே நின்றது. மேஸ்திரி ஒரு பேனா மையை எடுத்து, அசையாத நீரில், ஒவ்வொரு குழாயின் விளிம்பருகிலும் ஒரு சொட்டு விட்டார். மூன்றாம் குழாயில் மை நூல்போல நீண்டு சுவருக்குள் இழுபட்டது. குழாயைச் சுற்றிப் பூசிய சாந்து சுருங்கிச் சற்றே விலகியிருந்தது. நீரை அரை மீட்டர் இறக்கி, குழாயைச் சுற்றிக் கொத்தி, மீண்டும் அடைத்து, பத்து நாள் காத்தோம். மறு சோதனையில் வாளி 6, குளமும் 6. ஓடுகளை எல்லாம் புதிதாகப் பதித்துப் பணத்தைத் தீர்த்திருந்தால், இந்தச் சிறு வேலைக்குக் கையில் காசு இருந்திராது.

குளத்தைக் கட்டியதோடு கடமை தீர்வதில்லை. நீரின் கார அமில நிலை 7.2-க்கும் 7.8-க்கும் இடையே இருக்க வேண்டும்; லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை குளோரின் தங்கியிருக்க வேண்டும். சில நூறு ரூபாய் விலையுள்ள சோதனைப் பெட்டியால் இதை எவரும் நாள்தோறும் அளக்கலாம். பிளீச்சிங் பவுடரையும் அமிலத்தையும் ஓரறையில் வைக்கலாகாது. இரண்டும் கலந்தால் எழும் வாயு நுரையீரலைப் பொசுக்கும். எங்கள் பம்பு அறையில் இவ்வெச்சரிக்கையைக் கன்னடம், தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி ஆகிய ஐந்து மொழிகளில் எழுதி வைத்திருக்கிறோம். நாம் செய்த மொழிபெயர்ப்புகளில் மிகப் பயனுள்ளது இதுவாகத்தான் இருக்கும்.

குளத்தைச் சுற்றிப் பிள்ளைகள் ஏற முடியாத வேலி, தானே சாத்திக்கொள்ளும் கதவு, ஆழத்தை மீட்டரில் குறிக்கும் பெரிய எழுத்துகள், அடிமடையில் கூந்தலையோ கையையோ இழுத்துப் பிடிக்காத மூடி, உயிர்மீட்பு வளையம் ஆகியவற்றிற்கு எண்பதினாயிரம் செலவாயிற்று. இதில் ஒரு ரூபாயும் குறைக்க ஒருவரும் கேட்கவில்லை. பூச்சுக்கும் ஓட்டுக்கும் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். மோட்டார், மணல், குழாய், அடைப்பான்களுக்குத் தொண்ணூறாயிரம். நீர்ச் சோதனைக்கும் மின்சாரத்திற்கும் பிறவற்றிற்கும் முப்பதாயிரம். ஆக மொத்தம் நாலு லட்சத்து எண்பதினாயிரம். மிச்சம் இருபத்து நாலாயிரம் ரூபாய் கண்காணிப்பாளரின் முதற் சம்பளத்திற்கு ஒதுக்கப்பட்டது. நீச்சலறிந்த அவர் கரையில் இல்லாத நேரத்தில் கதவு பூட்டியிருக்கும்.

குளம் பாழ்படுவதற்குக் காரணம் கான்கிரீட்டின் குற்றம் மட்டுமன்று. இது நம்முடையது என்று எண்ணுவார் இன்மையே. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் பென்சான்சு என்னும் கடற்கரை ஊரில் 1935-இல் திறந்த ஒரு கடல்நீர்க் குளம் இருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் புயலில் அது சிதைந்தது. ஊரார் விடாமல் முயன்றதனால் 2016-இல் மீண்டும் திறந்தது. பிறகு ஊர்மக்களே பங்குகள் வாங்கிச் சங்கம் அமைத்து நடத்தலானார்கள். பங்கு வாங்கியவர் பழுதைக் கண்டால் பாராதவர் போலப் போவதில்லை. எங்கள் ஆறாயிரம் ரூபாயும் அத்தகைய பங்கென்றே கொண்டோம். ஒவ்வொரு மாதமும் இரண்டு வீட்டார் குளத்துப் பொறுப்பு ஏற்கிறார்கள். வாளிச் சோதனையைச் செய்து அளவைப் பலகையில் எழுதிவிட்டு அடுத்தவரிடம் ஒப்படைக்கிறார்கள்.

இறுதியாக ஒரு வாக்குவாதம் எஞ்சியது. பணம் கொடுத்தவர் பிள்ளைகள் மட்டும் நீந்துவதா, குடியிருப்பில் வேலை செய்வோரின் பிள்ளைகளும் நீந்துவதா? இரண்டு கூட்டங்கள் இதற்கே செலவாயின. விழுந்த சிறுவனின் தந்தை எழுந்து, "என் மகனைத் தூக்கியவர் வீட்டுப் பிள்ளை கரையில் நின்று பார்க்க, என் மகன் நீந்த வேண்டாம்," என்றார். அதற்குமேல் எவரும் பேசவில்லை. ஞாயிறுதோறும் காலையில் இரண்டு மணி நேரம் எல்லாப் பிள்ளைகளுக்கும் நீச்சற் பயிற்சி என்று முடிவாயிற்று. பத்து வயதுள்ள காவற்காரரின் மகள் முதல் மூன்று வாரமும் படியை விட்டு இறங்கவில்லை. நான்காம் வாரம் குறுக்காக எட்டு மீட்டரைக் கடந்து எதிர்ச்சுவரைத் தொட்டாள்.

நேயர்களே! புனேயிலும் தில்லியிலும் ஜாம்ஷெட்பூரிலும் ஐதராபாத்திலும் வாழும் நம்மவர் பலரின் குடியிருப்புகளில் இத்தகைய வறண்ட பள்ளங்கள் இருக்கக்கூடும். மண்ணிட்டு மூடுமுன் ஒருமுறை இறங்கிப் பாருங்கள். வறண்ட மாதத்தில் இறங்குங்கள். கையில் ஒரு சுத்தியலும் சுண்ணக்கட்டியும் இருக்கட்டும். சுவரில் நீர் விட்டுச் சென்ற கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒப்பந்தக்காரரை அழைப்பது அதன்பிறகு ஆகட்டும்.